முந்தாமையும் பிந்தாமையும்: லினக்ஸ் திரைச்சூழல் வரலாற்றிலே காத்திருத்தலின் இடம்

மட்டக்களப்பு வாவியைக் கடந்து கல்லடியையும் நகரையும் இணைத்த பழைய பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதி வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் அது 'லேடி மானிங் பாலம்' என வழங்கலாயிற்று. ஒடுங்கிய அப்பாலத்திற்குப் பக்கத்திலே, ஜப்பானின் உதவியுடன் அமைக்கப்பட்ட புதிய பாலம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. புதியது எழுந்துகொண்டிருந்த காலம் முழுவதும் பாரத்தைத் தாங்கியது பழையதே. பாலத்திலே எளிதாகப் புலப்படும் இவ்வுண்மையைக் கணினி மென்பொருள் உலகம் பல இடர்ப்பாடுகளின் பின்னரே கற்றுக்கொண்டது. புதிய பதிப்பு வெளிவந்த அன்றே அதனை ஏற்பதா, பிறர் அதனைப் பயன்படுத்தி வழுக்களைக் கண்டறியும்வரை காத்திருப்பதா என்ற வினாவுக்கு லினக்ஸ் திரைச்சூழல்களின் வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைச்சூழல்களின் தோற்றம்

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், இயக்க முறைமையின் கருவாக மட்டுமே அமைந்தது. சாளரங்கள், பட்டியல்கள், படவுருக்கள் எனப் பயன்படுத்துவோர் கண்முன் விரியும் பகுதி, அதாவது பேச்சு வழக்கிலே 'டெஸ்க்டொப்' எனப்படும் திரைச்சூழல், அதற்கு மேலே தனியாக எழுதப்பட வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரிலே மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிக் 1996 ஒக்டோபரில் கேடிஈ என்னும் திட்டத்தைத் தொடக்கினார். அதற்கு அடித்தளமாகிய கியூட் நூலகத்தின் உரிமம் அந்நாளில் முழுமையான சுதந்திர உரிமமாக இருக்கவில்லை. அக்குறையை முன்வைத்து, 1997 ஓகஸ்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவெல் டி இக்காசாவும் பெடெரிக்கோ மேனாவும் குனோம் திட்டத்தை ஆரம்பித்தனர். இவ்விரண்டுமே இன்றுவரை லினக்ஸ் திரைச்சூழல்களுள் முதன்மை வகிக்கின்றன.

வணிக நிறுவனம் ஒன்றின் மென்பொருளிலே எப்போது எது மாறவேண்டும் என்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கும். லினக்ஸ் உலகிலோ கருவை ஒருவர் எழுத, திரைச்சூழலை இன்னொருவர் எழுத, இவற்றையெல்லாம் திரட்டி ஒரு தொகுதியாக்கி வழங்குவோர் வேறொருவராக உள்ளனர். ஆகவே எழுதுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலே 'இப்போது வழங்கலாமா?' எனக் கேட்கும் ஓர் இடைநிலை அமைப்பு இயல்பாகவே உருவாயிற்று. காத்திருத்தல் என்பது தனிமனிதப் பழக்கம் என்ற நிலையைக் கடந்து, ஒழுங்குமுறையாக வளர்ந்தது இவ்விடைநிலையிலேயே ஆகும்.

டெபியன் வகுத்த முறை

இயன் மர்டொக் 1993இல் தொடக்கிய டெபியன் திட்டம் இவ்வொழுங்குமுறையைத் தெளிவுற வகுத்தது. புதிய பொதி ஒன்று முதலில் 'நிலையற்றது' என்னும் பிரிவிலே நுழையும். அங்கே சில நாட்கள் பெரும் வழுக்கள் அறிவிக்கப்படாமற் கழிந்தால், 'சோதனை' என்னும் அடுத்த பிரிவுக்கு அது நகரும். 2000ஆம் ஆண்டின் இறுதியிலே ஏற்படுத்தப்பட்ட இச்சோதனைப் பிரிவு குறித்த காலத்தில் உறைநிலைக்குக் கொண்டுவரப்படும். அதன்பின் புதுமை சேர்க்கப்படாது; வழுக்களைத் திருத்தும் வேலை மட்டுமே நடைபெறும். அது முடிந்ததும் அத்தொகுதி 'நிலையானது' என வெளியிடப்படும். டெபியன் பதிப்புகள் 'டொய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களைத் தாங்குவன. நிலையற்ற பிரிவுக்கு எப்போதும் 'சித்' என்றே பெயர். அவன் அப்படத்திலே விளையாட்டுப் பொருட்களை உடைக்கும் சிறுவன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

காத்திருத்தலும் அளவு கடந்தால் நோயாகும். 2002 ஜூலையில் வெளியான 'வூடி' பதிப்புக்கும் 2005 ஜூனில் வெளியான 'சார்ஜ்' பதிப்புக்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியிலே, 2004 ஒக்டோபரில், டெபியனின் நிலையற்ற பிரிவையே மூலமாகக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும் உபுண்டு தோன்றியது. எனினும் விரைவையே கொள்கையாகக் கொண்ட உபுண்டுவும் 2006இல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை வெளியிடலாயிற்று. அத்தகைய பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு, அடுத்த நீண்டகாலப் பதிப்பு அதன் முதலாவது திருத்த வெளியீடு வந்த பின்னரே வழமையாக முன்மொழியப்படுகின்றது. விரைந்தோடத் தொடங்கியவர்களும் நின்று நிதானிக்க ஓர் இடம் வகுத்துக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

இரு பெரும் படிப்பினைகள்

கேடிஈயின் நான்காம் வரிசை 2008 ஜனவரி 11இல் வெளிவந்தது. அடித்தளம் முழுவதும் புதிதாக எழுதப்பட்ட அப்பதிப்பிலே, மூன்றாம் வரிசையிற் பழகிய பல வசதிகள் இன்னும் எழுதப்படாதிருந்தன. அது முதிர்ந்த பதிப்பன்று, முன்னோடிப் பயனாளருக்கும் நிரலாளருக்கும் உரியது என அதனை ஆக்கியோரே விளக்கினர். ஆயினும் '4.0' என்ற எண்ணே பலருக்கு முழுமையின் அடையாளமாகத் தோன்றிற்று. 2008 மே மாதம் வெளியான பெடோரா 9, பழைய வரிசையைக் கைவிட்டுப் புதியதையே வழங்கியது. அதனால் வெறுப்புற்றுக் குனோமுக்கு மாறியோருள் லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். டெபியனோ 2009 பெப்ரவரியில் வெளியிட்ட 'லெனி' பதிப்பிலே கேடிஈ 3.5 வரிசையையே தொடர்ந்து வழங்கிற்று. 2011 பெப்ரவரியிலே 'ஸ்குவீஸ்' மூலம் அதன் பயனாளர் நான்காம் வரிசைக்கு வந்தபோது, அது 4.4 என்னும் நிலையை அடைந்திருந்தது. மூன்றாண்டுக் கொந்தளிப்பை அவர்கள் கரையில் நின்றே கடந்தனர் எனலாம்.

இரண்டாவது படிப்பினையைத் தந்தது குனோம். 2011 ஏப்ரலில் வெளியான அதன் மூன்றாம் வரிசை, சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானையும் திறந்துள்ள சாளரங்களைக் காட்டும் கீழ்ப்பட்டையையும் இயல்பான தோற்றத்திலிருந்து நீக்கியது. இங்கே எழுந்த சிக்கல் வழுக்களின் பாற்பட்டதன்று, பழக்கத்தின் பாற்பட்டது. வழுவாயின் காத்திருந்தால் திருந்தும். வடிவமைப்போர் வேண்டுமென்றே செய்த மாற்றம் காத்திருப்பதால் மறையாது. ஆகவே சிலர் பழைய குனோமின் நிரலைப் பிரித்தெடுத்து, 'மாத்தே' என்னும் பெயரில் அதே ஆண்டிலே தனித் திட்டமாக்கினர். லினக்ஸ் மின்ற் குழுவினர் பழைய அமைப்பைத் தழுவிய 'சினமன்' சூழலை உருவாக்கினர். காத்திருப்போர் எதற்காகக் காத்திருக்கின்றனர் என்பதைத் தெளிதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இப்படிப்பினைகள் வீணாகவில்லை. கேடிஈயின் ஆறாம் பிளாஸ்மா 2024 பெப்ரவரி இறுதியில் வெளியானது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த குபுண்டு 24.04 நீண்டகாலப் பதிப்பு, அதனை உட்கொள்ளாது முந்திய 5.27 பதிப்பையே வழங்கியது.

அரசு சார்ந்த பெருந்தொகைப் பயன்பாட்டிலும் இப்போக்கே காணப்படுகின்றது. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பொஸ்' லினக்ஸ் டெபியனை அடியொற்றியது. கேரளப் பாடசாலைகளுக்காக 2019இல் வெளியிடப்பட்ட தொகுதியோ, அதற்கு முந்திய ஆண்டின் உபுண்டு நீண்டகாலப் பதிப்பை மூலமாகக் கொண்டது. வகுப்பறையிலே ஒரு வழு தோன்றினால் பாதிப்புறுவது ஒருவரல்லர், ஒரு வகுப்பு முழுவதுமே என்பதால் இந்நிதானம் நியாயமுடையது.

காத்திருத்தலின் எல்லை

இவற்றை நோக்குவோர் 'பழையது பாதுகாப்பானது' என முடிவுகட்டக்கூடும். வரலாறு அம்முடிபை முற்றாக ஆதரிக்கவில்லை. 2006இல் டெபியனின் ஓப்பன் எஸ்.எஸ்.எல். பொதியிலே செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றத்தால், இரகசியத் திறவுகள் எளிதில் ஊகிக்கக்கூடியனவாயின. அவ்வழு நிலையற்ற பிரிவையும் சோதனைப் பிரிவையும் கடந்து, 2007 ஏப்ரலில் வெளியான நிலையான பதிப்பினுள்ளும் புகுந்து, 2008 மே மாதமே வெளிப்பட்டது. காலம் கழிவதால் மட்டும் வழு அகலாது. அக்காலத்திலே எவரேனும் உற்றுநோக்கினால்தான் அகலும்.

இதன் மறுபக்கத்தை 2024ஆம் ஆண்டு காட்டிற்று. எக்ஸ்.இசெட் என்னும் கோப்புச் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிலே, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிசெய்யும் இரகசியக் கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. டெபியனின் நிலையற்ற பிரிவைப் பயன்படுத்திய பொறியியலாளர் அந்திரேஸ் பிரொயிண்ட், எஸ்.எஸ்.எச். நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதை அவதானித்தார். காரணத்தைத் துருவிச் சென்ற அவர், மார்ச் 29இல் உண்மையை வெளியிட்டார். டெபியனின் நிலையான பதிப்பை அப்பதிப்புகள் அதுவரை எட்டியிருக்கவில்லை. காத்திருந்தோர் தப்பினர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் தப்பியது, காத்திராத ஒருவர் விழித்திருந்தமையாலாகும். எல்லோரும் காத்திருந்திருப்பின் அக்கதவு நிலையான பதிப்புக்குள்ளும் ஓசையின்றி நுழைந்திருக்கும்.

தமிழ்ப் பயனாளர் நிலை

இவ்வாய்வு தமிழருக்குத் தனிப்பட்ட முறையிலும் பொருந்துவதாகும். இலங்கையின் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் 'பாமினி' போன்ற எழுத்துருக்களை நெடுங்காலம் கையாண்டன. அவற்றிலே உரோமன் எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் எழுத்து அமர்ந்திருக்கும். எழுத்துருவை மாற்றினால் வாசகம் பொருளற்ற குறிகளாகிவிடும். 1991 முதலே தமிழுக்கு இடமளித்த யூனிகோட்டுக்கு அவர்கள் உடனே மாறாமைக்குக் காரணம் வெறும் பிடிவாதமன்று. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே சரியாக வந்தமர, திரைச்சூழலும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் அதற்கேற்ற ஆற்றல் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாற்றல் வருமுன் மாறியிருந்தால் நாளாந்த வேலை நின்றிருக்கும். எனினும் ஆற்றல் வந்த பின்னரும் தொடர்ந்த தாமதத்தால், அக்காலத்திலே தட்டெழுதப்பட்ட பெருந்தொகையான எழுத்து, மாற்றியமைக்காமல் தேடவோ பகிரவோ இயலாததாய்த் தேங்கிற்று. முன்னது நிதானம்; பின்னது இழப்பு.

ஆங்கிலத்திலே தோன்றும் ஒரு வழுவைச் சோதனைக் காலத்தில் எண்ணற்றோர் காண்பர். தமிழ் எழுத்து பிறழ்ந்து தோன்றுவதையோ விசைப்பலகை தவறான எழுத்தைத் தருவதையோ தமிழ் அறிந்தவரே காணமுடியும். சோதனைப் பதிப்பிலே தமிழர் எவரும் இல்லையெனில், காத்திருப்புக் காலம் முழுவதும் கழிந்த பின்னரும் அவ்வழு அப்படியே நிலையான பதிப்பிலே வந்து நிற்கும். பெரும்பான்மை மொழியினர் காத்திருந்து பெறும் நன்மையைச் சிறுபான்மை மொழியினர் காத்திருப்பதால் மட்டும் பெறவியலாது.

ஆகவே நாளாந்த வேலைக்குரிய கணினியிலே நிலையான பதிப்பையே வைத்திருத்தல் அறிவுடைமையாகும். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பிற்போடாது ஏற்றல் வேண்டும். நிலையான பதிப்புகள் அவற்றைத் தனியாகவே வழங்கிவருகின்றன. இவ்விரண்டுக்கும் மேலாக, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் ஒருசில மாணவராயினும் ஒரு பழைய கணினியிலே சோதனைப் பதிப்பை நிறுவித் தமிழில் எழுதிப் பார்த்து, கண்ட வழுக்களை ஆக்கியோருக்கு அறிவித்தல் வேண்டும். பலர் நிதானமாகக் காத்திருப்பதற்குச் சிலர் முன்சென்று பார்த்தல் இன்றியமையாதது. அச்சிலருள் தமிழரும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தமிழ் மாணவருக்கு விடுக்கும் அழைப்பாகும்.