பெயர் பொறிக்காத பெட்டிகள்

குமணன்சாவடி என்ற பெயரைக் கேட்டதும் புலவர் நெஞ்சம் முதிரமலைக் குமணனை நாடிச் செல்வது இயல்பு. பெருஞ்சித்திரனாரின் வறுமையைத் தீர்த்தவன் அவன். பெருந்தலைச் சாத்தனாருக்குத் தன் தலையையே பரிசிலாகத் தர முன்வந்து வாளை நீட்டியவன். சாவடி என்பதோ வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலிருந்து மாங்காட்டுக்கு வழி பிரியும் இம்முனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சில காலம் தங்கி, பின் சுவடின்றி மறைந்த பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று, இன்று நாற்பதை நெருங்கியும் கடந்தும் நிற்போர் நினைவில் மட்டும் குடியிருக்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியே அது. மக்கள் அதனை ‘டிவி கேம்’ என்றும் ‘வீடியோ கேம்’ என்றும் வழங்கினர்.

இலக்கிய மன்றத்தின் மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோருக்குச் சட்டமே விடை தருகிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, ‘இலக்கியப் படைப்பு’ என்ற சொல்லின் வரையறைக்குள் கணினி நிரலும் சேர்க்கப்பட்டது. ஆகவே, சிறுவன் ஒருவன் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து ஆடிய ஆட்டத்தின் நிரல், சட்டத்தின் கண்ணில் கவிதையோடும் காவியத்தோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. சட்டம் இயற்றியோர் இதனை எண்ணிப் புன்னகைத்திருக்க மாட்டார்கள், புலவர்கள் புன்னகைக்கலாம்.

இப்பெட்டியின் பிறப்பு வரலாறு பலரும் அறிந்ததே; சுருங்கக் கூறினால் போதும். ரால்ஃப் பேயரின் முயற்சியால் ‘மேக்னவாக்ஸ் ஒடிசி’ என்ற முதல் வீட்டுப் பெட்டி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அட்டாரி நிறுவனம் ‘பாங்’ ஆட்டத்தை வெளியிட்டது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கேசட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழிதோண்டிப் புதைத்தது. ஆடிப்பெருக்கன்று ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட நம்மவர் செயல் இங்கு நினைவுக்கு வராமல் போகாது. ஆற்றில் விட்டவை திரும்பவில்லை. பாலைவனத்தில் புதைத்தவற்றுள் ஒரு பகுதி 2014இல் தோண்டி எடுக்கப்பட்டது. சந்தை சரிந்த அதே 1983இன் ஜூலைத் திங்களில் சப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியை வெளியிட்டது. கியோட்டோ நகரில் 1889 முதல் மலர்ச் சீட்டுக்கட்டு செய்து வந்த நிறுவனம் அது. தமிழகத்துச் சிறுவர் அறிந்த பெட்டியின் மூலம் இதுவே.

ஆயின், மூலம் இங்கு வந்த வீடுகள் மிகச் சில. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீங்கின. அதுவரை வெளிநாட்டுப் பொருள் என்றால் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பும் உறவினரின் பெட்டியை எதிர்நோக்க வேண்டும். அன்றேல் பர்மா பஜாருக்குச் செல்ல வேண்டும். பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரின் மறுவாழ்வுக்கென 1969இல் சென்னைத் துறைமுகத்தின் அருகே அமைந்த அக்கடைவரிசை, நகரின் அயல்நாட்டு மோகத்திற்கே வாயிலாக விளங்கியது. முறையான வழியில் மூலப் பெட்டியைக் கொணரும் முயற்சியும் நடந்ததுண்டு. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் ‘மெகா டிரைவ்’ பெட்டியை இந்தியாவில் விற்க முன்வந்தது. 80 விழுக்காடு இறக்குமதித் தீர்வையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது எனினும், விலை 18,000 ரூபாய். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடித் தொழிற்சாலையிலோ பணிபுரிந்த தந்தையர் அத்தொகையைப் பொம்மைக்கெனச் செலவிடுவர் என்று எவ்வாறு எதிர்பார்த்தனரோ!

அவ்விடைவெளியை நிரப்பியது படி. தைவானிலும் பின்னர்ச் சீனத்திலும் ஃபாமிகாமின் உறுப்புகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த பெட்டிகள் உலகெங்கும் பரவின. தைவானில் ‘மைக்ரோ ஜீனியஸ்’, உருசியாவில் 1992 முதல் ‘டென்டி’, இந்தியாவில் ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என அதற்குப் பல பெயர்கள். மேலும் பல பெட்டிகளில் பெயரே இல்லை. நாளடைவில் பெட்டியின் மூளை முழுவதும் ஒரே சில்லுக்குள் ஒடுங்கியது. அச்சில்லைக் கரும்பிசின் பொட்டு ஒன்று மூடி மறைத்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்த சிறுவனுக்கு உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே காட்சியளித்தது.

பெட்டி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக் கடை இருந்தது. தெருவோரத்துச் சிறு அறையில் இரண்டு மூன்று தொலைக்காட்சிகளை வைத்து, மணிக்கணக்கில் காசு பெற்று ஆடவிடும் அத்தகைய கடைகள் தொண்ணூறுகளில் புறநகர்களின் வழக்கமாயின. அங்கே பிறந்த சொல்வழக்கும் சடங்கும் தனியாக ஆராயத்தக்கவை. ஆட்டம் அடங்கிய சிறு பேழைக்குக் ‘கேசட்’ என்று பெயர். அதில் நாடா ஏதும் இல்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. படம் தோன்றாவிடில் கேசட்டைக் கழற்றி, அதன் வாயில் ஊதி, மீண்டும் செருகுவர். ஊதியதால் பயனில்லை, கழற்றிச் செருகியதாலேயே இணைப்பு சீரடைந்தது என்று அறிந்தோர் பின்னாளில் விளக்கினர். ஆயினும் ஊதாமல் செருகிய சிறுவனைக் காண்டல் அரிது. ‘கான்ட்ரா’ ஆட்டத்தில் முப்பது உயிர் பெறுவதற்கான பொத்தான் வரிசையை, மேலும் கீழும் இடமும் வலமுமாக, வாய்பாட்டைப் போல் மனனம் செய்த விரல்கள் இன்றும் அதனை மறக்கவில்லை.

கேசட்டின் மேல் ‘99,99,999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே; அவையே வெவ்வேறு பெயரில் மீண்டும் மீண்டும் வரும். படியெடுத்தோர் மூல நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் திரையிலிருந்து அழித்துவிடுவதும் உண்டு. ஆதலின், ‘சூப்பர் மாரியோ’வை ஆடிக் களித்த சிறுவருள் பலருக்கு அதனை ஆக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் பெயர் வளர்ந்த பிறகே தெரிந்தது. தமிழ்ப் புலமை மரபுக்கு இது புதிதன்று. செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் பாடற்சொல்லாலேயே வழங்கப்படும் புலவரின் இயற்பெயர் எவருக்குத் தெரியும்? பெயர் அழியாமலிருக்க வழி கண்டவரும் உளர். ஞானசம்பந்தர் தம் பதிகத்தின் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தார். அட்டாரியில் பணிபுரிந்த வாரன் ராபினெட், ஆக்கியோர் பெயரை வெளியிடாத நிறுவனத்தின் போக்கிற்கு எதிராக, ‘அட்வெஞ்சர்’ என்ற தம் ஆட்டத்தில் ஒரு மறைவறையை அமைத்து அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். அவர் நிறுவனத்தை விட்டு நீங்கிய பின்னரே அது வெளிப்பட்டது. இருவர் நோக்கமும் வேறு. ஆயினும் படியெடுப்போர் கையைக் கடந்து பெயர் நிற்க வேண்டுமாயின் அது படைப்பின் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதை இருவர் செயலும் காட்டுகின்றன.

படிகள் மூலத்தைச் சிதைத்தன என்று மட்டும் கூறி ஒதுக்குவது பொருந்தாது. அவை பாடபேதங்களையும் உண்டாக்கின. சப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிப்பது. இந்திய முறையிலோ 50. ஆட்டத்தின் நடையும் இசையின் தாளமும் இவ்வெண்ணையே பற்றி நிற்பவை. எனவே 50 முறைக்கு ஏற்பச் செய்த பெட்டிகளில் மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான்; பாட்டும் அவ்வாறே தாழ்ந்த காலத்தில் ஒலித்தது. அத்தகைய பெட்டியில் ஆடியவர் இன்று மூலத்தைக் கேட்டால், யாரோ அவசரப்பட்டு வாசிப்பதாகவே உணர்வர். அவர்தம் ஏக்கம் படிக்கே உரியது. கியோட்டோவில் பிறந்த அந்தப் பாட்டு, இங்குக் கேட்ட விளம்பகாலத்தில் சப்பானில் ஒலித்ததே இல்லை.

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் அளவு மொத்தம் 40 கிலோபைட். இன்றைய ஒருங்குறி முறையில் எழுதினால் திருக்குறளில் மூன்றில் ஒரு பங்குகூட அவ்விடத்தில் அடங்காது. எட்டு உலகங்களும் முப்பத்திரண்டு கட்டங்களும் இசையும் எதிரிகளும் அதற்குள் அடங்கின. வானத்து முகிலும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. குறுகத் தறிக்கும் கலையைத் தமக்கே உரியதாகக் கருதும் கவிஞர், அம்முகிலையும் புதரையும் ஒருமுறை நின்று நோக்குதல் நன்று.

காலம் மாறக் கைபேசி வந்தது. நோக்கியாவில் பணிபுரிந்த பின்லாந்து நாட்டு டானெலி ஆர்மண்டோ 1997இல் 6110 கைபேசிக்கென எழுதிய பாம்பு விளையாட்டு உலகெங்கும் ஊர்ந்தது. அந்நிறுவனத்தின் ஆலை 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, பூவிருந்தவல்லியைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையின் ஊர்கள் கைபேசி செய்யும் ஊர்களாயின. பிறர் செய்த பெட்டியை வாடகைக்கு ஆடிய தலைமுறையின் தம்பிகளும் தங்கைகளும், ஆட்டம் அடங்கிய கருவியைத் தம் கையால் பூட்டும் நிலை எய்தினர். எட்டாண்டே அது நீடித்தது. வரிவழக்குகளுக்கிடையில் 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் ஆர்மண்டோவின் பெயரைக் குறிப்பர்; கருவியைப் பூட்டிய பெண்களின் பெயரைக் குறிப்பவர் இல்லை.

எஞ்சியிருப்பது எது? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உரிமையாளர் விற்பதில்லை, படியெடுத்தோர் வைத்திருக்கின்றனர். சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் கையில் கிடைத்தவையும் படிகளே. சங்கப் புலவர் தம் கையால் எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. பாரதியின் படைப்புரிமையை அரசு 1949இல் பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது போன்ற ஏற்பாடு எதுவும் இவ்விளையாட்டு ‘இலக்கியத்திற்கு’ வாய்க்கவில்லை.

நிரலைப் படியெடுத்துக் காக்கலாம். துப்பாக்கியைக் காப்பது அரிது. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருகும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் மின்னும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அவ்வொளியைக் கண்டால் வாத்து வீழும். பழைய படக்குழாய்த் திரையின் கணநேரத் துல்லியத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது. இன்றைய தட்டைத் திரை ஒளியைச் சற்றுத் தாமதித்தே காட்டும். ஆதலின் எவ்வளவு குறிபார்த்துச் சுட்டாலும் வாத்து பறந்துவிடும். சென்னையிலேயே உருவான சாலிடேர், டயனோரா பெட்டிகளும், 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் படக்குழாய்த் திரை கொண்டவையே. அவை இன்று காயலான் கடைகளில் செம்புக் கம்பிக்காக உடைபடுகின்றன. கூடவே வரும் விளையாட்டுப் பெட்டி, பிளாஸ்டிக்கோடு சேர்த்து எடை போடப்படுகிறது.