வெஸ்டேர்ன் திரைப்படங்களின் நிலைபேறு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தனது கடந்த காலத்தை வரலாற்று நூல்களில் மட்டும் எழுதி வைப்பதில்லை. கதைப்பாடலிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் அது தன்னைப்பற்றிய சித்திரம் ஒன்றைத் தீட்டிக்கொள்கின்றது. ஐக்கிய அமெரிக்காவைப் பொறுத்தவரை அத்தகைய சித்திரங்களுள் பெருஞ்செல்வாக்குப் பெற்றது ‘வெஸ்டேர்ன்’ எனப்படும் திரைப்பட வகையாகும். பேச்சுவழக்கில் ‘கௌபோய் படம்’ என நாம் குறிப்பிடும் இப்படங்களைக் குதிரையும் துப்பாக்கியும் கொண்ட வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்வாறாயின், 1939 இலும் 1952 இலும் வெளிவந்த படங்கள் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுவதும், அவை பிறந்த மண்ணோடு தொடர்பற்ற மக்களையும் ஈர்ப்பதும் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறும் தொன்மமும்

இப்படங்கள் சித்திரிக்கும் காலம் மிகக் குறுகியது. உள்நாட்டுப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1862 ஆம் ஆண்டிலே, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர்செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1867 இல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்நடைகள் கன்சாஸிலுள்ள அபிலீன் புகையிரத நிலையத்தை நோக்கி ஓட்டிச்செல்லப்படலாயின. 1869 இல் கண்டத்தின் இரு கரைகளையும் புகையிரதப் பாதை இணைத்தது. 1874 இல் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற முட்கம்பி, திறந்த மேய்ச்சல் வெளிகளை வேலியிட வழிசெய்தது. கௌபோய்களின் நெடும்பயணங்கள் ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில் முடிவுற்றன. குடியேற்ற எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என்பதை 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு புலப்படுத்தியது. அதே ஆண்டு டிசெம்பர் 29 ஆம் திகதி, தென் டக்கோட்டாவின் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இராணுவத்தாற் படுகொலை செய்யப்பட்டனர்.

எல்லைப்புறம் மறைந்த வேளையிலேயே அதுபற்றிய தொன்மம் வளரத் தொடங்கியமை மனங்கொள்ளத்தக்கது. 1893 இல் சிக்காகோ நகரிலே வரலாற்றாசிரியர் பிரெடெரிக் ஜாக்சன் ரேர்னர், அமெரிக்க சனநாயகத்தை உருவாக்கியது எல்லைப்புற வாழ்வே என்னும் தமது புகழ்பெற்ற கருதுகோளை முன்வைத்தார். அதே ஆண்டில் அந்நகரின் உலகக் கண்காட்சிக்கு அருகிலேயே ‘பஃபலோ பில்’ கோடி, 1883 இல் தாம் ஆரம்பித்த மேற்குப்புறக் களியாட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். லக்கோட்டாத் தலைவர் சிற்றிங் புல் 1885 இல் அக்களியாட்டத்திலே காட்சிப்பொருளாக வலம்வந்தவர். ஐந்தாண்டுகளின் பின்னர், வூண்டட் நீ படுகொலைக்கு இரு வாரங்களுக்கு முன்னர், அவர் கொல்லப்பட்டார். வெற்றிகொண்டோர் தோல்வியுற்றோரைத் தமது கதைக்குள் நடிகராக்கினர். 1903 இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் ட்ரெயின் ரொபரி’ பெரும்பாலும் கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜேர்சியிற் படமாக்கப்பட்டது. மேற்குப்புறம் என்பது அப்போதே ஒரு நிலப்பகுதியாக அன்றி, ஒரு கற்பனைவெளியாக மாறிவிட்டது எனலாம்.

சட்டத்துக்கு முன்னுள்ள கணம்

அக்கற்பனைவெளி வெறும் வீரதீரக் கதைகளோடு நின்றிருப்பின் இன்று மறக்கப்பட்டிருக்கும். சட்டம் இன்னும் வந்துசேராத, அல்லது வந்தும் வலுப்பெறாத ஓரிடத்திலே நீதியை யார் நிலைநாட்டுவது என்னும் வினாவை அதன் சிறந்த படைப்புகள் எழுப்பின. ஜோன் போர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) ஒரு குதிரை வண்டியிற் பயணம் செய்வோரின் கதை. ஊரார் விரட்டிய விலைமாதும் சிறையிலிருந்து தப்பிய இளைஞனும் அதிலே மானுடப் பண்பு மிக்கோராக விளங்க, மரியாதைக்குரிய வங்கியாளனோ திருடனாக வெளிப்படுகின்றான். பொருளாதார மந்தத்தால் நலிந்த மக்கள் இதனை எளிதில் விளங்கிக்கொண்டிருப்பர். ஜோர்ஜ் ஸ்டீவன்ஸின் ‘ஷேன்’ (1953) நிலத்துக்கான மோதலைக் கருவாகக் கொண்டது. சிறு விவசாயிகளை விரட்ட முனையும் பெரும் பண்ணையாளன் தனது நியாயத்தை எடுத்துரைக்கவும் அப்படம் இடமளிக்கின்றது. விவசாயிகளைக் காத்த ஷேன் அவர்களோடு வாழ இயலாது அகன்று செல்கின்றான். அமைதியை வன்முறையால் ஈட்டியவனுக்கு அவ்வமைதியில் இடமில்லை.

பிரெட் சினமனின் ‘ஹை நூன்’ (1952) இவ்வினாவைச் சமகால அரசியலோடு பிணைத்தது. பழிவாங்க வரும் கொலைஞரை எதிர்கொள்ளும் காவலதிகாரிக்கு ஊரார் ஒருவரும் துணைநிற்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நியாயம் உண்டு. இதன் திரைக்கதையை எழுதிய கார்ள் போர்மன், படம் உருவாகிக்கொண்டிருந்த 1951 இல், பொதுவுடைமையாளரைத் தேடிய காங்கிரஸ் குழுவின்முன் அழைக்கப்பட்டார். பிறருடைய பெயர்களைக் கூற மறுத்து, ஈற்றில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அஞ்சி ஒதுங்கிய அவ்வூரிலே அவர் தம் சகபாடிகளையே கண்டார். 1989 இல் போலந்தின் ‘சொலிடாரிட்டி’ இயக்கம், ஜூன் 4 ஆம் திகதித் தேர்தலுக்கான சுவரொட்டியில், துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டை ஏந்திய கரி கூப்பரின் உருவத்தைப் பயன்படுத்தியது. ஹொலிவூட்டில் உருவான படமொன்றின் நாயகன் பிறிதொரு மக்களின் அரசியற் குறியீடானமைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பிற நாட்டுக் கலைஞர்களும் இவ்வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டனர். போர்டைப் போற்றிய அகிரா குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) அமெரிக்காவிலே ‘தி மக்னிபிசென்ட் செவன்’ (1960) ஆயிற்று. அவரது ‘யோஜிம்போ’ (1961) இத்தாலியரான சேர்ஜியோ லியோனியின் கையில் ‘எ பிஸ்ட்புல் ஒப் டொலர்ஸ்’ (1964) ஆயிற்று. இந்தியாவிலே ‘ஷோலே’ (1975) ராமநகரப் பாறைகளிடையே எடுக்கப்பட்டது. தமிழிலும் கர்ணனின் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) போன்றவை தோன்றின. வலியவனுக்கு அஞ்சி வாழும் ஊர் எந்நாட்டிலும் உண்டு என்பதே இப்பரவலுக்குக் காரணமாகலாம்.

தன்னையே வினவும் கலை

எனினும், இவ்வகையின் அடிப்படைக் குறைபாட்டை மறைத்தல் முறையாகாது. ‘செவ்விந்தியர்’ எனப் பெயரிடப்பட்ட பூர்வீகக் குடிகள் பெரும்பாலான படங்களிலே முகமற்ற பகைவராகவே தோன்றுகின்றனர். கௌபோய்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். திரையிலோ அவர்களைக் காண்பது அரிது. சிறு விவசாயிக்கும் பண்ணையாளனுக்கும் இடையே நீதி தேடும் ‘ஷேன்’, இருவருக்கும் முன்னர் அந்நிலம் யாருடையதாக இருந்தது என்னும் வினாவை ஆராய்வதில்லை.

ஆயினும் சிறந்த படைப்பாளிகள் இப்பொய்மையை ஓரளவு உணர்ந்திருந்தனர். போர்டின் ‘தி சேர்ச்சேர்ஸ்’ (1956) படத்திலே, கொமாஞ்சிகள் கவர்ந்துசென்ற தன் சகோதரனின் மகளைத் தேடியலையும் ஈத்தன், அவள் அவர்களுள் ஒருத்தியாகிவிட்டமையால் அவளையே கொல்லத் துணிகின்றான். இனவெறுப்பு இங்கே நாயகனின் நெஞ்சிலேயே குடிகொண்டுள்ளது. ஆனால், அதே படத்திற் கொமாஞ்சித் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியிற் பிறந்த ஹென்றி பிராண்டன் என்பது தொன்மத்தின் பிடி எத்துணை வலியது என்பதைக் காட்டும். ‘தி மேன் ஹூ ஷொட் லிபேர்ட்டி வலன்ஸ்’ (1962) இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கொடியவனைச் சுட்டவர் எனப் புகழ்பெற்றுச் செனட்டராக உயர்ந்தவர், உண்மையிற் சுட்டவன் வேறொருவன் எனக் கூறியபோதும், பத்திரிகையாசிரியர் அதனை வெளியிட மறுக்கின்றார். சட்டத்தின் ஆட்சி ஒரு கொலையின்மீதும் ஒரு பொய்யின்மீதும் எழுப்பப்பட்டது என்பதை அப்படம் ஒளிக்கவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வூட்டின் ‘அன்போர்கிவன்’ (1992) இம்மரபின் தொடர்ச்சியே.

எனவே, இப்படங்களின் நிலைபேறு அவை வரலாற்றை உள்ளவாறு காட்டியமையால் ஏற்பட்டதன்று. வரலாறு எழுதப்படும் முறையை, அதாவது வென்றவனின் வன்முறை காலப்போக்கிற் சட்டமாகவும் பெருமையாகவும் மாறும் விதத்தை, அவை விரும்பியோ விரும்பாமலோ புலப்படுத்துகின்றன. நிலம் யாருக்கு, சட்டம் யாருடையது, பழைய கதையை எழுதும் உரிமை யாருக்கு என்னும் வினாக்கள் இன்னும் தீரவில்லை. அவை தீராதவரை இப்படங்களும் பார்க்கப்படும். வரலாற்று மாணவர் அவற்றை இரசிப்பதோடு அமையாது, திரையிலே பேசாது நிற்பவர் யார் என்பதையும் உற்றுநோக்குதல் வேண்டும்.