அடிமுறையில் சுவடுப் பயிற்சி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கிவரும் தற்காப்புக் கலை அடிமுறை. வர்ம அடி என்றும் அழைக்கப்படுகிறது. இதைத் தோற்றுவித்தவர் அகத்தியர் என்பது மரபு நம்பிக்கை. வட கேரளக் களரியின் தோற்றம் பரசுராமருடன் இணைத்துச் சொல்லப்படுகிறது. அங்கே பயிற்சி கூரையிட்ட குழித்தரையில் நடக்கும். அடிமுறை பெரும்பாலும் திறந்தவெளியிலோ ஓலை மறைப்புக்குள்ளோ கற்பிக்கப்பட்டது.

இக்கலைக்கு அடிப்படை சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. ஒற்றைச் சுவட்டில் மாணவர் தனியாக நின்று அடிக்கவும் தடுக்கவும் விலகவும் திரும்பவும் பழகுகிறார். திசை மாறும்போது உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் செல்கிறது. உடல் எளிதில் நிலைகுலையும் கணம் அது. அந்தக் கணத்தைக் குறைப்பதற்காகவே ஒரே சுவடு திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. கால் பழகாதவரின் கைவீச்சில் வலு இருக்காது.

ஆசான்கள் பலர் வர்ம வைத்தியர்களாகவும் இருந்தனர். தாக்கவேண்டிய இடமும் மருத்துவம் செய்யவேண்டிய இடமும் ஒன்றே என்பதால், வர்ம அறிவு நம்பிக்கைக்குரிய சீடருக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. சுவடு அந்தப் பொறுமையைச் சோதிக்கும் காலமாகவும் அமைந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் இணைந்தன. 1958இல் கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் இக்கலை ‘தெக்கன் களரி’ எனப் பெயர் பெற்றது. இப்பால் அடிமுறையாகவே நீடித்தது. பெயர்கள் பிரிந்தாலும் சுவடு இருபுறத்துக்கும் பொதுவாகவே உள்ளது.