மகிழ்ந்தானா மைந்தன்? இரணியன் கதையில் மறுப்பும் துரோகமும்

பெற்றோர் தீயவர் என்று அறிந்துகொண்ட பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்வியைப் படக்கதை வடிவில் கூர்மையாக எழுப்பியது, மார்வெல் நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘ரன்அவேஸ்’ தொடர். பிரையன் கே. வான் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த அத்தொடரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சிறார் அறுவர், தம் பெற்றோர் ‘பிரைட்’ என்னும் கொடுங்கூட்டத்தினர் என்று கண்டு வீட்டைவிட்டு ஓடுகின்றனர். அவர்களை வழிநடத்தும் அலெக்ஸ் வைல்டரோ பெற்றோர்மேல் வைத்த பற்றினால் தோழர்களையே காட்டிக்கொடுக்கிறான். மறுப்பு எங்கே முடிகிறது, துரோகம் எங்கே தொடங்குகிறது என்னும் இவ்வழக்கு தமிழுக்குப் புதிதன்று; தந்தை இரணியனை மறுத்த பிரகலாதன் கதையை முன்வைத்து அது பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கில் மிக உரத்த தீர்ப்பை வழங்கியவர் பாரதிதாசன். பெரியார் தலைமையில் 1934இல் சென்னையில் அரங்கேறிய அவருடைய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம், இரணியனை ஆரிய ஆதிக்கத்தை எதிர்க்கும் தமிழ் மன்னனாகவும், பிரகலாதனை ஆரியப் பெண் ஒருத்தியின் காதலில் மயங்கித் தந்தையின் பகைவருக்குக் கருவியான இளைஞனாகவும் காட்டியது. புராணச் சிறுவனைக் காதல் வயதினனாக வளர்த்ததே அந்நாடகத்தின் பெரிய மாற்றம் எனலாம். சிறுவனின் மறுப்புக்கு நம்பிக்கை காரணமாக இருந்தது. இளைஞனின் மறுப்புக்கோ மயக்கம் காரணமாக வைக்கப்பட்டது. இதனால் தந்தையின் வீரம் உயர்ந்தது. ஆனால் தந்தையை மறுக்கும் பிள்ளைக்குச் சொந்த அறிவு இருக்கக்கூடும் என்பதற்கே நாடகத்தில் இடமில்லாமற் போயிற்று. சாதியையும் சடங்கையும் முன்னோர் சொல்லையும் மறுக்க இளைஞரை அழைத்த பெரியார் இயக்கத்தின் மேடையில் இப்படி நேர்ந்தது என்பதால், இந்த வாசிப்பை எளிதில் கடந்துபோக முடியாது.

பாரதிதாசனின் வாசிப்பு கம்பரைத் தலைகீழாக்கியது என்பதே பொதுவான கருத்து. கம்பராமாயண யுத்த காண்டத்தை நெருங்கிப் படித்தால் இக்கருத்து நிலைக்காது. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் வீடணன் வாயில் வைத்து, இராவணனுக்கு அறிவுரையாகச் சொல்லச் செய்கிறார். இராவணனின் மறுமொழி அடுத்துவரும் வீடணன் அடைக்கலப் படலத்தில் இடம்பெறுகிறது. வளர்த்த தந்தையின் மார்பை மாயவன் பிளக்கக் கண்டு மகிழ்ந்த அந்த மகனுக்கு, பகைவனோடு நட்புக் கொள்ளும் நீயே ஒப்பானவன் என்று அவன் தம்பியைச் சாடுகிறான். பாரதிதாசன் 1934இல் மேடையேற்றிய தீர்ப்பு, சாரத்தில், இராவணனின் இத்தீர்ப்பேயாகும். அவர் கம்பருக்கு வெளியே நின்று எதிர்க்கவில்லை. கம்பருக்குள் நடக்கும் வழக்கில் ஒரு தரப்பை ஏற்றுக்கொண்டார். இணையற்ற வீரனின் பெருமிதமும் கம்பரிடமே உள்ளது: சிங்கத்தையும் மகனையும் வெட்டி வீழ்த்திய பின் தன் வாளை மட்டுமே தொழுவேன் என்று கம்பரின் இரணியன் அண்டங்கள் நடுங்க நகைக்கிறான்.

இராவணனின் குற்றச்சாட்டு உண்மைதானா என்பதே அடுத்த வினா. தூணுக்குள் சிங்கத்தின் சிரிப்பொலி கேட்டதும் பிரகலாதன் ஆடிப் பாடி அழுது தொழுகிறான் என்பது மெய். ஆனால் அது தந்தையின் இறப்புக்கு முந்திய காட்சி. சிங்கம் வெளிப்பட்ட பின்பும், வணங்கினால் பிழை பொறுக்கப்படும் என்று அவன் தந்தையிடம் மன்றாடுகிறான். இரணியனின் வாள் பற்றிய மறுமொழி இம்மன்றாட்டுக்கு வந்ததே. கொலை முடிந்தபின் நரசிங்கம், உன் கண்முன்னே உன் தந்தையைக் கொன்றும் உன் உள்ளம் தளரவில்லையே, இதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று கேட்கிறது. தளராமை வேறு, மகிழ்ச்சி வேறு. கைம்மாறு பற்றி இறைவனே பேசுவதால், மைந்தன் இழந்தது பெரிது என்று கம்பர் கருதியதும் புலனாகிறது.

இவ்விடத்தில் பாகவத புராணத்தோடு ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பிரகலாதன் கொலைக்குப் பின் தந்தையின் பாவம் நீங்க வரம் வேண்டுகிறான். கம்பரிலோ இழிபிறவி எய்தினும் இறைவன்மேல் அன்பு நீங்காமையை மட்டுமே கேட்கிறான். தந்தைக்காக அவன் பேசியதெல்லாம் தந்தை உயிரோடிருந்தபோதே. பாகவதத்தைப் பொதுவாக ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வைப்பர். கம்பரின் காலமோ முடிவாகாதது: தனியன் எனப்படும் சிறப்புப் பாடல் ஒன்று சகம் 807ஐ, அதாவது கி.பி. 885ஐச் சுட்ட, அறிஞர் பலர் பன்னிரண்டாம் நூற்றாண்டை ஏற்கின்றனர். பிற்காலமே சரியெனில், கம்பர் பாகவத வரத்தை அறிந்தே விலக்கினார் என்று வாதிட இடமுண்டு; முற்காலமெனில் அவ்வாறு சொல்ல முடியாது. எனினும், உயிரோடிருக்கும் தந்தையைத் திருத்த முயலும் மகன் துரோகி ஆகான் என்னும் முடிவு எக்காலக் கணிப்பிலும் மாறாது.

பிள்ளைகளின் மறுப்பை அன்றைய இயக்கம் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதற்கு வடசென்னை மூலக்கொத்தளம் இடுகாடு மற்றொரு சான்று. இராஜாஜி அமைச்சரவை 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துச் சிறைசென்ற இளைஞர் நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் உயிரிழந்து, இருவரும் இங்கே அடக்கம் செய்யப்பட்டனர். மன்னிப்புக் கேட்டு விடுதலை பெற நடராசன் மறுத்தார் என்று இயக்க வரலாறுகள் பதிவுசெய்கின்றன. இந்நிகழ்வையும் 1934 நாடகத்தையும் நேராக இணைக்கும் சான்று மெலிந்ததே. ஆயினும், அதிகாரத்தின் முன் ஓர் இளைஞன் தளராமல் மறுத்ததை இயக்கம் அறிவின் செயலாகவே போற்றியது. அவனை எவரோ மயக்கினர் என்று சொல்லவில்லை. நடராசனுக்கு வழங்கிய அந்த அளவுகோலையே பிரகலாதனுக்கும் வழங்குவதுதான் நேர்மை. அந்த அளவுகோலால் அளந்தால், இணையற்ற வீரன் என்னும் பெயரைத் தந்தையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ‘மகிழ்ந்தான்’ என்னும் பழியை மகனிடமிருந்து நீக்கியே ஆகவேண்டும்.