கடல் கடந்த பந்து: சென்னைக் கால்பந்து அணிகளும் ஹேடோத் தமிழரும்

பந்து தமிழருக்குப் புதிய பொருள் அன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. பெண்கள் பந்தடித்துப் பாடும் பாட்டு அது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில், விமலையார் இலம்பகத்தில், விமலையின் காதல் ஒரு பந்தில்தான் தொடங்குகிறது. விமலை ஆடிய பந்து தெருவில் வந்து விழ, சீவகன் அவளைக் காண்கிறான். அவள் தந்தை சாகரதத்தன் ஒரு வணிகன். நெடுநாள் விற்காமல் கிடந்த அவனுடைய சரக்கெல்லாம், சீவகன் கடையில் வந்து உட்கார்ந்ததும் விற்றுத் தீர்ந்ததாம். கடைக்காரனாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். காரணத்தை வாசகர் போகப் போகக் காண்பர்.

கையால் ஆடிய பந்து நம்முடையது. காலால் உதைக்கும் பந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அந்தக் கால்பந்தில், சென்னை அணிகளைக் கடலுக்கு இப்பால் இருந்து பின்தொடர்ந்தவர்கள் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டுக்கு வரலாற்றில் உள்ள காரணத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பல் எந்தத் துறைக்கோ, அணியும் அந்தத் துறைக்கே

நம் தீவுகளில் பந்தாட்டத்துக்குக் குறைவில்லை. கார் நிக்கோபாரில் பந்து உதைக்காத பிள்ளையைக் காண்பது அரிது. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி கொடியேற்றிய இடமும் ஜிம்கானா என்னும் ஒரு மைதானமே. ஆனால் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் தொழில்முறை அணி என்று நமக்கு ஒன்று அமையவில்லை. ஆகவே ஹேடோவில் குடியேறிய ஒவ்வொருவரும், தாம் கப்பலேறிய துறைமுகத்தின் அணியையே தம் அணியாகக் கொண்டனர். ஹேடோ துறையிலிருந்து சென்னை சுமார் 1190 கிலோமீட்டர்; கொல்கத்தா 1255. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பந்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களில் பலருக்கு ஈஸ்ட் பெங்கால் என்றால் விட்டுவந்த மண்ணின் பெயர். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர் அப்படியொரு குடும்பத்து தாதா. "அண்ணா, உங்க டீம் இந்த வருஷம் எங்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ஒரு சில வருடம் எனக்குப் பதிலே இருக்காது. ஏனென்றால் அணியே இருக்காது!

உறுப்பினரின் கிளப், ஆபீசின் அணி

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்றது. அந்த வேளையில் அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர கோஷ் முதலானோர் இங்கே செல்லுலார் சிறையில் இருந்தனர். முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்டில் ஒரு மனத்தாங்கலில் பிறந்தது. கிழக்கு வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரை ஒரு முக்கிய ஆட்டத்தில் விட்டுவிட்டார்களாம். அதைப் பொறுக்காதவர்கள் கூடி வேறு கிளப் கண்டார்கள். இம்மூன்றும் சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கங்கள். ஆட்டக்காரன் வருவான், போவான், உறுப்பினன் நிற்பான்.

சென்னையின் கதை வேறு. அங்கே நெடுங்காலம் லீக்கில் ஆடியவை பெரும்பாலும் ஆபீஸ் அணிகள்: ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், ஏ.ஜி. ஆபீஸ். நல்லாப் பந்து ஆடுற பையனுக்கு வேலை கொடுப்பார்கள். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாலையில் ஆட்டம். ஏழைப் பையன்களுக்கு இது பெரிய வாழ்வு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பந்துதான் அடுப்பெரித்தது. ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. ஆளெடுப்பு நின்றால் அணிக்கு வயதாகும். வயதானால் அணி தேய்ந்துபோகும். பார்க்க வருகிறவனுக்கு அங்கே ஓட்டும் இல்லை, சந்தா ரசீதும் இல்லை. வருமான வரி ஆபீஸ் ஜெயித்தது என்று எந்த ஊர்க்காரன் வெடி வெடிப்பான்?

ஆகவே நம் திறமைகள் வெளியூர் போயின. வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியில் ஆடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பிற்பாடு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார்; 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நம் பக்கத்து ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் கூடுதல் கோல் அடித்தபோது அவர் சட்டையில் இருந்த பெயர் எஃப்.சி. கொச்சின்.

கடைசி இடத்தில் இந்தியன் வங்கி

1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. சென்னையிலிருந்து அதில் இடம்பெற்றது இந்தியன் வங்கி. ஹேடோவில் உட்கார்ந்து ஒரு வங்கிக்காக ஏங்கியவர்கள் எங்களைப் போலச் சிலரே. வானொலியில் ஒரு வரி வந்தால் வந்தது. சென்னைத் தாள் இங்கே வந்து சேர்வதற்குள் செய்தி ஆறிப்போகும். அதிலும் கிரிக்கெட் போக மீந்த மூலையில் தேடணும்.

2003-04 பருவம் எனக்கு மறக்காது. லீக்கை வென்றது ஈஸ்ட் பெங்கால். அது அவர்களுக்கு மூன்றாவது பட்டம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இந்தியன் வங்கி. கீழ்ப்பிரிவுக்கு இறங்கிப் போனது. பட்டியலின் முதல் வரியும் கடைசி வரியும் அடுத்தடுத்த இரண்டு கடையில்! தாதா எனக்கு ஒரு பொட்டலம் சந்தேஷ் கொடுத்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை. கேலி செய்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல், தேசிய அளவிலான அந்த முதற்பிரிவில் சென்னை அணி எதுவும் இல்லை.

ஏலத்தில் வந்த சென்னை

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற புதுப் பந்தயம் வந்தது. அபிஷேக் பச்சன், விதா தானி, தோனி ஆகியோர் உரிமையில் சென்னையின் எஃப்.சி. பிறந்தது. பெயரில் ஊர் இருந்தது. அதுவே எங்களுக்குப் போதும். முதல் ஆண்டே லீக் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3. சென்னையில் அந்த மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி, மொத்தத்தில் 3-4 என்று வெளியேறினார்கள். பரிமாறின இலையை இழுத்த கதைதான்.

2015-ல் பருவத்தின் நடுவே கடைசி இடத்தில் கிடந்த அணி எழுந்து அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடம் வரை 1-1. அப்போது கோவா 2-1. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக் கோல்கீப்பர் கையாலேயே ஒரு கோல், அடுத்து மெண்டோசா ஒரு கோல். 3-2! வெள்ளத்தில் வீடிழந்த சொந்தங்களை நினைத்துக் கவலையில் இருந்த ஹேடோத் தமிழருக்கு அந்த மாதம் கிடைத்த ஒரே நல்ல சேதி அது.

எங்கள் வழக்கப்படி அந்தி சாய்வதற்குள் உண்டு முடித்துவிடுவேன். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. இரவு ஆட்டத்துக்கு நான் கைகழுவித் தயாராக உட்கார்ந்திருப்பேன். தாதா வீட்டில் அப்போதுதான் மீன் அடுப்பேறும். இந்த ஒரு விஷயத்தில் சமணனுக்குப் பந்தாட்டம் சௌகரியம். பற்றை விடு என்று நூல்கள் சொல்வதைத்தான் இந்த விஷயத்தில் கேட்க முடியவில்லை.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை. அடுத்த பருவமே பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, கடைசி இடம். 2020 மார்ச் 14 அன்று மறுபடி இறுதி ஆட்டம். கொரோனா காரணமாக ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தா அணியிடம் 1-3.

அந்த ஆண்டின் இன்னொரு சேதியும் வரலாற்றில் சேர வேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் இணையத்தில் ஆட்டம் பார்த்தால் உதைத்த பந்து அந்தரத்தில் நிற்கும். இறங்குவதற்குள் கடை சாத்தும் நேரம் வந்துவிடும். கம்பி சென்னையிலிருந்து வந்தது. அணி சென்னையில் இல்லை. அந்தப் பருவமும் அடுத்த பருவமும் எல்லா ஆட்டமும் கோவாவில், பூட்டின கதவுக்குள்ளே நடந்தன.

சரக்கு விற்ற நாள்

சென்னையின் எஃப்.சி. கடைசியில் கிடந்த அதே 2018-19 பருவத்தில், நம்மவர் அதிகம் பேசாத இன்னொரு அணி ஐ-லீக்கில் முதலிடத்தில் இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17 பருவத்தில் ஐ-லீக்குக்கு வந்த அணி. பெயரில் சென்னை இருந்தாலும் அந்தப் பருவத்தில் ஆடியது கோயம்புத்தூரில். பயிற்சியாளர் சிங்கப்பூர் அக்பர் நவாஸ். கோல் அடிக்க ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி. நடுவில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம் பிள்ளைகள்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டியைத் துரத்தி வந்தது வேறு யார், ஈஸ்ட் பெங்கால்தான்! கோவையில் மினர்வா பஞ்சாபுடன் நமக்கு ஆட்டம். கோழிக்கோட்டில் கோகுலத்துடன் அவர்களுக்கு. தாதாவும் நானும் ஆளுக்கொரு கைப்பேசியில் வரி வரியாகச் செய்தி பார்த்தோம். கோவையில் மூன்றாவது நிமிடமே நாம் ஒரு கோல் வாங்கினோம். "இதுவும் போச்சு" என்றேன். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது. சென்னைக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42.

சாகரதத்தன் கடையில் தேங்கின சரக்கு ஒரே நாளில் விற்றதுபோல் இருந்தது. நான் லட்டு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். தாதா ஒன்று எடுத்துக்கொண்டு, "பதினஞ்சு வருஷமா நாங்களும் காத்திருக்கோம், அண்ணா" என்றார். 2003-04-க்குப் பிறகு அவர்களும் தேசிய லீக் பட்டம் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கையும் வென்றது. ஆடவர், மகளிர் என இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தன.

ஆனால் 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லாமல் போனது. பட்டம் வென்று முழுசாக மூன்று ஆண்டு ஆகவில்லை.

வரலாறு சொல்வது

கொல்கத்தாவிலும் பணமுதலைகள் வந்தார்கள். 2020-ல் மோகன் பகான் வேறொரு அணியோடு இணைந்து, பெயருக்கு முன் ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் விடவில்லை, 2023-ல் அந்த எழுத்து நீங்கியது. முதலீட்டாளரோடு ஒப்பந்தச் சிக்கல் வந்தபோது 2021 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் கூடினார்கள், தடியடியும் பட்டார்கள். கேட்பதற்கு அங்கே ஒரு வாசல் இருந்தது. சென்னை சிட்டி மறைந்தபோது நாம் எந்த வாசலில் போய்க் கேட்பது? 2025 ஆகஸ்டில் லீக் ஒப்பந்தக் குழப்பத்தால் சென்னையின் எஃப்.சி. தன் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்தியபோதும் இதே கேள்விதான்.

திறமைக்குக் குறைவில்லை என்பதற்கு ஒரு சான்று. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நாலரை ஆண்டுக்குப் பின் அந்த ஜோடியில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி. கோல் அடித்தவர் நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பையன், ஒரு காலத்தில் சென்னை சிட்டி ஆட்டக்காரர். தாதா கடையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் பாதி, ஏக்கம் பாதி.

கடன் கொடுத்தவன் பேரேடு பார்ப்பதுபோல் இந்த நாற்பதாண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டேன். ஆபீஸ் கொடுத்த அணியை ஆபீஸ் எடுத்துக்கொண்டது. முதலாளி கொடுத்ததை முதலாளி எடுத்துக்கொள்ளலாம். சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள் நடத்துவது மட்டுமே தலைமுறை தாண்டி நிற்கிறது. இதைப் புலம்பெயர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த மலரை வெளியிடும் நம் சங்கமே அப்படித்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஊர்ப்பெயர் தாங்கிய, உறுப்பினர் சந்தாவில் நடக்கிற ஒரு கால்பந்து கிளப் வருமானால், ஹேடோவிலிருந்து முதல் ரசீது என் பெயருக்குப் போடட்டும். அந்த அணி கடைசி இடத்தில் வந்தாலும் எனக்குச் சம்மதமே. அடுத்த வருடமும் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.