மயிர்க்கொட்டியை வரைந்த பெண்

யூரோ வருமுன் ஜேர்மனியில் புழங்கிய 500 மார்க் தாளில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு செடியும் மயிர்க்கொட்டியும். பெரிய தாள் என்பதால் அகதியாக வந்த நம்மில் பலருடைய கைக்கு அது அதிகம் வந்ததில்லை.

அவர் மரியா சிபில்லா மேரியன். 1647இல் பிராங்க்பேர்ட்டில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனை இழந்தார். தாயின் இரண்டாவது கணவர் ஓவியர், அவரே வரையப் பழக்கினார். 13 வயதில் மேரியன் பட்டுப்புழுக்களைக் கவனிக்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாக உண்டாகின்றன என்று படித்தவர்களே பலர் நம்பிய காலம் அது.

வண்ணத்துப்பூச்சியை மட்டும் வரைய ஒரு செத்த பூச்சி போதும். மேரியன் முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியோடு ஒரே பக்கத்தில் வரைந்தார். அதற்கு, புழு எந்த இலையைத் தின்னும், எப்போது கூடு கட்டும் என்று தெரிய வேண்டும். ஆகவே புழுக்களை உயிரோடு வளர்த்தார், காத்திருந்தார். சில கூடுகளிலிருந்து ஈக்கள் வந்தன. கணக்குப் பார்க்கும் நமக்குத் தெரியும், பொருந்தாத பதிவை ஒதுக்கிவிட எவ்வளவு ஆசை வருமென்று. அவர் அதையும் குறித்து வைத்தார். அவை ஒட்டுண்ணிகள் என்பது பின்னர் விளங்கியது.

முதல் புழுப் புத்தகம் 1679இல் வந்தது. 1699இல், 52 வயதில், ஓவியங்களை விற்ற காசில் இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே பழங்குடியினரும் அடிமைகளும் சொன்னவற்றையும் எழுதிக்கொண்டார். நோயால் 1701இல் திரும்பி, 1705இல் 60 படங்களுடன் நூலை வெளியிட்டார். குருவியைத் தின்னும் சிலந்தியை அதில் வரைந்ததற்காகப் பிற்காலத்தில் சிலர் அவரைப் பொய்யர் என்றார்கள். அப்படிச் சிலந்தி உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டில் உறுதியானது.

நம் வீடுகளில் கணக்கு ரியூசன் தொடங்கியதும் முதலில் நிற்பது சித்திர வகுப்புத்தான். கணக்கில் பிழைப்பு நடத்துகிற நாமே சொல்கிறோம், அது நட்டக் கணக்கு.

கோடையில் தோட்டத்துக் கோவா இலையில் புழு இருக்கும். (மயிர்க்கொட்டியைத் தொட விடாதீர்கள், அரிக்கும்.) காற்றுப் போகும் போத்தலில் அதை இலையோடு வைத்து, பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். நாளுக்கொரு படம், மேலே திகதி. நினைவிலிருந்து வரையும் பிள்ளை உடல் முழுக்கக் கால் போடும். பார்த்து வரைந்தால் முன்னால் மூன்று சோடி, ஓர் இடைவெளி, நடுவில் நான்கு சோடி, நுனியில் ஒன்று. நடுவில் ஏன் இடைவெளி என்று பிள்ளையே கேட்கும். விடையைச் சொல்லாதீர்கள். இலையை மட்டும் தினமும் மாற்றிக் கொடுங்கள். கூட்டிலிருந்து பூச்சி வெளியே வரும் நாளில் எத்தனை கால் மிஞ்சியிருக்கிறதென்று அதுவே எண்ணிப் பார்க்கட்டும்.