குளத்தூர் வட்டத்தில் வீட்டுமனை முதலீடு

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில், கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்தில் மனை வாங்கி விற்பதும் வீடு கட்டி வாடகைக்கு விடுவதுமான முதலீடு. திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையும் மாத்தூர் தொழிற்பேட்டையும் இதற்கு முதுகெலும்பு.

1948இல் இந்திய ஒன்றியத்தில் இணையும் வரை இவ்வட்டம் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானப் பகுதி. இனாம் நிலங்களும் கோயில் நிலங்களும் கலந்து கிடப்பதால் மூலப்பத்திரத்திலிருந்து உரிமைத் தொடரைப் பார்ப்பதே முதல் வேலை. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அறநிலையத்துறைச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்க முடியாது.

நார்த்தாமலைப் பக்கம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி தேவை. விலை மலிவு என்று இதை மறைப்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி.

அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்க ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு.

மனை மட்டும் வைத்திருந்தால் விற்கும் நாள்வரை வருவாய் இல்லை. ஒரு மனையில் சிறு வீடு கட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வரவில் அடுத்ததை வாங்குவதே கடன் சுமையற்ற வளர்ச்சி.